துறை வாகனம் எண் பதினேழு

மனிதன் சக்கரத்தை எதற்காகக் கண்டுபிடித்தான் என்ற கேள்விக்கு இறுதியான பதிலைச் சொன்னது எங்கள் மேற்குக் கோட்டச் சாலை அலுவலகம்தான் என்று வருங்காலம் எழுதி வைக்கும். வருங்காலத்துக்கு வேறு வேலை வந்து மறந்துவிட்டால் என்ன செய்வது என்றுதான் நானே எழுதி வைக்கிறேன். எழுதி வைப்பது எனக்குப் புதிதல்ல. அந்த அலுவலகத்தில் பத்தொன்பது வருடமாக எழுத்தராக இருக்கிறேன். எங்கள் அலுவலகம் சாலை போட்டதைவிடச் சாலையைப் பற்றி எழுதியதுதான் அதிகம் என்று யாராவது சொன்னால், அது வெறும் பொறாமை.

எங்கள் கோட்டப் பொறியாளர் லேசுப்பட்டவர் அல்ல. சாலைத் துறையில் இருபத்தாறு வருடம் குப்பை கொட்டிய பிறகு, ஒரு வெள்ளிக்கிழமை காலையில், சாலை என்பதே மனிதனுக்குத் தேவையில்லாத ஒன்று என்ற உண்மையைக் கண்டடைந்தவர். கண்டடைந்த இடம் பல் மருத்துவரின் காத்திருப்பு அறை. அங்கே கிடந்த ஒரு பத்திரிகையில், தாடிக்காரர் ஒருவர் சேறு அப்பிய சைக்கிளோடு மலை உச்சியில் நின்று சிரித்துக்கொண்டிருந்தாராம். பல்வலியோடு உட்கார்ந்திருந்தவருக்கு அந்தச் சிரிப்பு நேராக உள்ளே போய்விட்டது.

அன்று மதியமே எங்கள் எல்லோரையும் கூட்ட அறைக்கு அழைத்தார். ஒரு பக்கக் கன்னம் வீங்கியிருந்தது. இன்னொரு பக்கத்தால் பேசினார்.

"ரோடு இருக்கே, அது மனுஷனைச் சோம்பேறி ஆக்கிடுது. நானூத்தி இருபது கிலோமீட்டர், ஒன்பது நாள், தார் ரோட்டை ஒரு இடத்துலகூடத் தொடாம சைக்கிள்ல போகப்போறேன். காடு, மேடு, ஆறு, கல்லு. இதுக்குப் பேருதான் ஆஃப்ரோடு."

நாங்கள் கைதட்டினோம். ஜீப் ஓட்டுநர் மட்டும், நம் கோட்டத்தில் எந்தச் சாலையில் போனாலும் அது ஆஃப்ரோடுதானே என்று கேட்டார். அவருக்கு இன்னும் பதவி உயர்வு வராததற்கு இந்த மாதிரிச் சிந்தனைகள்தான் காரணம்.

அடுத்த புதன்கிழமை 'நெடும்பயண ஆயத்தக் குழு' அமைக்கப்பட்டது. தலைவர் பொறியாளர். செயலாளர் நான். உறுப்பினர், வேறு யாரும் அகப்படாததால், ஜீப் ஓட்டுநர். வாரம் தவறாமல் கூடினோம். டயரின் அகலம் இரண்டு அங்குலமா, இரண்டேகால் அங்குலமா என்ற பொருளில் மட்டும் ஏழு கூட்டங்கள் நடந்தன. ஏழாவது கூட்டத்தில், இப்படிப்பட்ட முடிவை அவசரப்பட்டு எடுக்கக் கூடாது என்று ஒருமனதாக முடிவெடுத்தோம். அந்த ஏழு வாரமும் கோட்டத்தில் ஒரு குழிகூட மூடப்படவில்லை என்று சிலர் முணுமுணுத்தார்கள். விவரம் தெரியாதவர்கள். அலுவலக வாசலில் இருந்த குழிகளைப் பொறியாளரின் பயிற்சிக்காக 'இயற்கை நிலையிலேயே' பேண வேண்டும் என்று எழுத்துப்பூர்வமான உத்தரவே இருந்தது. அதில் பொதுமக்களும் இலவசமாகப் பயிற்சி பெற்றார்கள்.

பிறகு எடைக் குறைப்பு. நெடும்பயணத்தில் ஒவ்வொரு கிராமும் எதிரி என்று பொறியாளர் எங்கேயோ படித்திருந்தார். தபால் பிரிவின் தராசு அவர் மேசைக்கு இடம் மாறியது. பல் துலக்கும் பிரஷ்ஷின் கைப்பிடி பாதியாக வெட்டப்பட்டது. சீப்பில் ஒன்றுவிட்டு ஒன்றாகப் பற்கள் பிடுங்கப்பட்டன. வரைபடத்தில் அவர் போகாத திசைகளைக் கத்தரித்து எறிந்தோம். இப்படியாக நூற்றுப்பத்து கிராம் மிச்சமானது. அந்தச் சாதனையைக் கொண்டாட அன்று மாலை அவர் இரண்டு பெரிய கேக் சாப்பிட்டார்.

சைக்கிள் நான்காம் மாதம் வந்து சேர்ந்தது. இருபத்தேழு கியர். கடைக்காரர் நேரில் கொண்டுவந்து பூட்டிக் கொடுத்துவிட்டு, ஏறி ஒரு சுற்று சுற்றிப் பாருங்கள் என்றார். நல்ல மனிதர்தான், ஆனால் தொழில்நுட்பம் அறியாதவர். ஓட்டினால் டயர் தேயும் என்பதைப் பொறியாளர் அவருக்குப் பொறுமையாக விளக்கினார்.

"அப்ப எப்ப சார் ஓட்டுவீங்க?" என்று கடைக்காரர் கேட்டார்.

"பயணத்துல."

கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் குறிப்பேட்டைப் பார்த்தேன்.

ஓட்டாமலேயே பயிற்சி பெறும் முறையை எங்கள் குழுதான் உலகுக்கு அளித்தது. கூட்ட அறையில் மேசைகளை ஓரம் கட்டி, பின்சக்கரம் தரையைத் தொடாதபடி சைக்கிளைத் தூக்கி நிறுத்தினோம். பொறியாளர் தலைக்கவசம் அணிந்து ஏறி உட்காருவார். எதிர்க்காற்றுக்கு ஒரு மின்விசிறி. மழைக்கு ஜீப் ஓட்டுநர், கையில் பூவாளியோடு. மலைக்கு நான். பக்கத்தில் நின்று உயரத்தை வாசிப்பேன். இப்போது அறுநூறு மீட்டர் சார், இப்போது எழுநூறு என்று நான் சொல்லச் சொல்ல அவர் மிதிப்பார். தொள்ளாயிரத்தில் அவருக்கு மூச்சு முட்டும். மேலே காற்று குறைவு என்று சொல்லி ஜன்னலைத் திறக்கச் சொல்வார். அவர் ஆயிரத்து இருநூறு மீட்டரைத் தொட்ட நாளில் எங்கள் இருவருக்கும் கண் கலங்கிவிட்டது. பூவாளித் தண்ணீர் என்று ஓட்டுநர் பிற்பாடு சொன்னதை நான் நம்பவில்லை.

அந்த ஆயிரத்து இருநூறாவது மீட்டரில்தான் செவிலியர் கதவருகே வந்து நின்றார்.

அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் கோட்டத்தில் நெடுஞ்சாலைக்கும் நெடுஞ்சாலைக்கும் நடுவே மேட்டுக் குடியிருப்பு என்று ஒன்று இருக்கிறது. எந்தப் பக்கம் இறங்கினாலும் ஒன்பது கிலோமீட்டர் மண்ணும் கல்லும்தான். நுழைவிடத்தில் மட்டும் 'இங்கே சாலைப் பணி நடைபெறவிருக்கிறது' என்று எங்கள் பலகை ஒன்று நிற்கும். பலகைக்குப் பலமுறை வர்ணம் பூசியிருக்கிறோம். குடியிருப்பின் சிறு மருத்துவமனையில் வேலை பார்ப்பவர்தான் இந்தச் செவிலியர். சாலை வேண்டும் என்று அவர் மனு கொடுத்துப் பதினோரு வருடத்துக்கு மேல் ஆகிறது. ஒவ்வொரு மாதமும் முதல் திங்கட்கிழமை சைக்கிளில் வந்து, என் மேசைக்கு எதிரே நின்று, "அண்ணா, நம்ம கோப்பு எங்க இருக்கு?" என்று கேட்பார். நானும் எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்து, அலமாரியில் பத்திரமாக இருக்கிறது என்று சொல்வேன். ஒருமுறைகூட நான் பொய் சொன்னதில்லை.

கோப்பு நகராததற்கு யாரும் காரணமல்ல. விதிதான் காரணம். சாலை தேவை என்று முடிவு செய்ய அதிகாரி நேரடி ஆய்வு செய்ய வேண்டும். நேரடி ஆய்வுக்குத் துறை வாகனத்தில் போக வேண்டும். துறை வாகனம் போவதற்குச் சாலை வேண்டும். இந்த விதியின் அழகை என் மனைவியிடம் ஒருநாள் விளக்கினேன். அவள் கணக்கு ஆசிரியை, எதையும் கூட்டிக் கழித்துப் பார்க்கிறவள். நடந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தால் என்ன என்று கேட்டாள். விதியில் நடப்பதைப் பற்றி ஒன்றும் இல்லை என்றேன். அவள் அதற்குப் பிறகு இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை.

விதி இன்னொன்றும் சொல்கிறது. பன்னிரண்டு வருடத்துக்குள் ஆய்வு செய்யப்படாத மனு காலாவதியாகிவிடும். அதற்கு அப்போது நான்கு மாதம்தான் பாக்கி.

கதவருகே நின்ற செவிலியர், விசிறியையும் பூவாளியையும் மேலே உட்கார்ந்திருந்தவரையும் நிதானமாகப் பார்த்தார். பிறகு என்னைத் தனியே கூப்பிட்டார்.

"அண்ணா, சார் ரோடே இல்லாத இடத்துலதான் போவாராமே?"

"ஆமா சிஸ்டர். அதுதான் கொள்கை."

"எங்ககிட்ட பதினெட்டு கிலோமீட்டர் இருக்குண்ணா. நல்ல சுத்தமான பாதை, ரோடுன்னு பேருக்குக்கூட ஒண்ணும் கிடையாது. அவரை அது வழியா போகச் சொல்லுங்களேன். ஒரு தடவை கண்ணால பாத்துட்டார்னா போதும்."

அவர் கேட்டதில் தமாஷ் எதுவும் இல்லை. மழைக்காலத்தில் பிரசவ வலி வந்தவர்களை அந்தப் பாதையில்தான் தூக்கிக்கொண்டு போகிறார்கள். ஒரு குழந்தை வழியிலேயே பிறந்துவிட்டது. அதற்கு இப்போது ஐந்து வயது. வைத்த பெயரை விட்டுவிட்டு ஊரே அவளை 'ஏழாவது கிலோமீட்டர்' என்று கூப்பிடுகிறது. போன மழையில் ஒருவரை அந்த ஏழாவது கிலோமீட்டர் வரைகூடக் கொண்டுபோக முடியவில்லை. இதைச் சொல்லும்போது செவிலியர் என் மேசையில் இருந்த பேப்பர்வெயிட்டை எடுத்து இடம் மாற்றி வைத்தார். அதைக் கேட்ட பிறகுதான் பத்தொன்பது வருடத்தில் முதல் தடவையாக நானாக ஒரு யோசனை சொன்னேன்.

யோசனை இதுதான். சைக்கிளைத் துறை வாகனமாகப் பதிவு செய்துவிட்டால், முதல் நாள் பயணத்தை நேரடி ஆய்வாகக் காட்டலாம். பொறியாளர் முதலில் தயங்கினார். ஒன்பது நாள் விடுப்பில் ஒரு நாள் மிச்சமாகும், அது பணி நாளாகவே கணக்கில் வரும் என்று சொன்னதும், மக்கள் படும் துன்பம் அவர் நெஞ்சைப் பிழிந்தது.

சைக்கிள் 'துறை வாகனம் எண் பதினேழு' ஆயிற்று. முன்னும் பின்னும் எண் பலகை மாட்டினோம். வாகனப் பதிவேட்டில் 'எரிபொருள்' என்ற பத்தியில் என்ன எழுதுவது என்று மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்டு, 'அதிகாரியின் காலை உணவு' என்று எழுதினேன். துறை வாகனம் என்றால் சும்மாவா? விதிப்படி ஒரு ஸ்டெப்னி சக்கரம், ஒரு முதலுதவிப் பெட்டி, ஒரு தீயணைப்புக் கருவி கட்டாயம் இருக்க வேண்டும். மூன்றையும் பின்னால் கட்டினோம். நூற்றுப்பத்து கிராமுக்குப் பதில் பதினான்கு கிலோ ஏறியது. வெட்டிய பிரஷ் கைப்பிடியைப் பொறியாளர் ஒருமுறை கையில் எடுத்துப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார்.

ஆய்வுப் படிவத்தைச் சுமந்து செல்ல ஓர் எழுத்தரும் உடன் போக வேண்டும் என்பதும் விதி. எனக்கு வாகனம் ஒதுக்கப்படவில்லை. முதல் நாள் மட்டும்தானே, நடந்து வாருங்கள் என்றார்கள். பொறியாளர் போகும் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியுமா என்று எனக்குக் கவலையாக இருந்தது. வீண் கவலை.

மனு காலாவதியாக மூன்று வாரம் இருக்கும்போது, ஒரு புதன்கிழமை காலை ஏழு மணிக்கு, எங்கள் பலகைக்கு அடியில் நெடும்பயணம் தொடங்கியது. தாரைத் தொடக் கூடாது என்ற விரதத்தால் பொறியாளரும் சைக்கிளும் அதுவரை ஜீப்பில் வந்தார்கள். பொறியாளர் பலகையின் முன் நின்று, இயற்கையோடு மனிதன் கலப்பதைப் பற்றிப் பத்து நிமிடம் பேசினார். கேட்டவர்கள் மூன்று பேர். நான், ஓட்டுநர், தடுப்பூசிப் பெட்டியைச் சைக்கிளின் பின்னால் கட்டிக்கொண்டு ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்த செவிலியர். பேசி முடித்ததும் பொறியாளர், நெடுஞ்சாலை வழியாகச் சுற்றிப்போய்ப் பாதையின் மறு முனையில் காத்திருக்கும்படி சொல்லி ஜீப்பை அனுப்பிவிட்டார். சுற்றிப் போக நான்கு மணி நேரம் ஆகும். பின்வாங்கும் வழியை அடைப்பதுதான் வீரனுக்கு அழகு என்றார்.

புறப்படும் முன் செவிலியரின் சைக்கிளைக் கூர்ந்து பார்த்தார். முன்னால் கூடை, பின்னால் கேரியர், மணி கிடையாது. காலில் சாதாரண ரப்பர் செருப்பு.

"உங்க டயர் என்ன அகலம்?"

"தெரியல சார். காத்தடிச்சா ஓடுது."

பொறியாளர் என் பக்கம் திரும்பி, அடிப்படை அறிவே இல்லாமல் சைக்கிள் ஓட்டுகிறார்கள் என்று வருத்தப்பட்டார்.

முதல் கிலோமீட்டரை நாற்பது நிமிடத்தில் கடந்தார். அதில் பெரும்பகுதி சைக்கிளை அவர் தள்ளினார், அவரை நான் தள்ளினேன். இருபத்தேழு கியரில் எதைப் போட்டாலும் மேடு மேடாகவே இருந்தது. செவிலியர் முன்னால் போய்ப் போய், ஒரு கல்லின் மேல் உட்கார்ந்து, நாங்கள் வரும்வரை பதிவேடு எழுதிக்கொண்டிருந்தார். இரண்டாவது கிலோமீட்டரில் காய்ந்த ஓடை ஒன்று குறுக்கிட்டது. தலை தலையாகக் கற்கள். செவிலியர் இறங்கி, சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டார். பொறியாளர் அதை ஏற்கவில்லை. இதற்கென்று ஒரு உத்தி இருக்கிறது, உடம்பைப் பின்னால் சாய்த்துக் கண்ணை நேரே வைத்தால் சைக்கிள் தானாகப் போகும் என்றார். சொன்னபடியே சாய்ந்தார். சைக்கிளும் சொன்னபடியே தானாகப் போயிற்று. அவர் வேறு திசையில் போனார்.

விழுந்த வேகத்தில் தீயணைப்புக் கருவி வெடித்துத் திறந்து, ஓடை முழுக்க வெள்ளைப் பொடி. புகை அடங்கியபோது பொறியாளர் மாவில் புரட்டியெடுத்த மாதிரிக் கிடந்தார். தீ எங்கும் பரவவில்லை என்பதை இங்கே பெருமையோடு பதிவு செய்கிறேன். அவர் கழுத்தில் மாட்டியிருந்த அபாய விசிலை எடுத்து மூன்று முறை ஊதினார். நான் ஓடி வரவேண்டியிருக்கவில்லை, பக்கத்திலேயே நின்றேன்.

செவிலியர் முழங்காலைத் தொட்டுப் பார்த்து, எலும்பு முறியவில்லை, நல்ல சுளுக்கு, இந்தக் காலை இன்று ஊன்ற முடியாது என்றார். திரும்பிப் போனால் ஜீப் இல்லை. தொலைபேசிக்கு அங்கே உயிர் கிடையாது. அவர் வலிக்கு ஒரு மாத்திரை கொடுத்துவிட்டு, ஆட்களைக் கூட்டிவருவதாகச் சொல்லித் தன் சைக்கிளில் ஏறி மிதித்தார். அடிப்படை அறிவே இல்லாத அந்தச் சைக்கிள் கற்களுக்கு நடுவே வளைந்து வளைந்து போய் மறைந்தது.

இரண்டு மணி நேரத்தில் நான்கு பேர் வந்தார்கள். ஒருவர் கொத்தனார், ஒருவர் தச்சர், ஒருவர் மளிகைக் கடை வைத்திருப்பவர், ஒருவர் பள்ளி ஆசிரியர். பள்ளிக்கு அரை நாள் விடுமுறை விட்டுவிட்டு வந்திருந்தார். இரண்டு நீளக் கழிகள், நடுவே தடித்த துணி. பொறியாளரை அதில் கிடத்தித் தோளுக்கு ஏற்றினார்கள்.

நான் எத்தனையோ வாகனங்களில் போயிருக்கிறேன். அப்படி ஒரு ஓட்டத்தைப் பார்த்ததில்லை. நான்கு பேரும் ஒரே காலை ஒரே நேரத்தில் எடுத்து வைப்பதில்லை. வைத்தால் தூளி ஆடுமாம். அதனால் ஆளுக்கு ஒரு தாளமாக நடக்கிறார்கள். ஏற்றத்தில் முன்னால் இருப்பவர்கள் கழியை இடுப்புக்கு இறக்குகிறார்கள், பின்னால் இருப்பவர்கள் தலைக்கு மேல் தூக்குகிறார்கள். படுத்திருப்பவர் சமதளத்திலேயே இருக்கிறார். முன்னால் போகும் ஆசிரியர் தணிந்த குரலில், "வலது கல்லு, இடது பள்ளம்" என்று சொல்லிக்கொண்டே போகிறார். இதையெல்லாம் எப்படிப் பழகினீர்கள் என்று கேட்டேன்.

"நடுவுல ஒரு செம்பு தண்ணி வெச்சு பழகினோம் சார்," என்றார் கொத்தனார். "ஒரு சொட்டு சிந்தினாலும் மறுபடி முதல்லேருந்து. வயித்துல பிள்ளையோட இருக்கவங்களைத் தூக்கணும்ல."

பொறியாளர் தூங்கிவிட்டார். மாத்திரையும் காரணமாக இருக்கலாம். வாய் லேசாகத் திறந்து, மீசையில் வெள்ளைப் பொடியோடு, குழந்தை மாதிரித் தூங்கினார். நான் பின்னால் துறை வாகனம் எண் பதினேழைத் தள்ளிக்கொண்டு வந்தேன். ஸ்டெப்னி என் முழங்காலில் இடித்துக்கொண்டே வந்தது. நான்கு தடவை விழுந்தேன். கால் பெருவிரல் நகம் கறுத்துப்போயிற்று. தோளில் பாரம் இருந்தவர்களில் ஒருவரும் ஒருமுறைகூட இடறவில்லை.

குடியிருப்பில் டீ கொடுத்தார்கள். 'ஏழாவது கிலோமீட்டர்' வந்து சைக்கிளின் எண் பலகையைத் தடவிப் பார்த்துவிட்டு, உங்கள் வண்டி ஏன் உங்களை ஏற்றிக்கொள்ளவில்லை என்று விசாரித்தாள். செவிலியர் என் கால் விரலுக்குக் கட்டுப் போட்டார். அவர் முகம் அன்று இருந்த மாதிரி நான் பார்த்ததே இல்லை. பதினோரு வருடத்துக் களைப்பு ஒரே நாளில் இறங்கின முகம்.

"சார் முழுப் பாதையும் வந்துட்டார்ல அண்ணா. இனிமே ரோடு வந்துடும்ல?"

"வந்துடும் சிஸ்டர்," என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

மாலையில் மறு முனையில் ஜீப்பின் பக்கத்தில் இறக்கியபோதுதான் பொறியாளர் கண் விழித்தார். வந்துவிட்டோமா என்று கேட்டார். நால்வருக்கும் தனித்தனியே கை கொடுத்தார். மீதி எட்டு நாள் பயணத்தை வீட்டில் தலையணை மேல் காலை வைத்துக்கொண்டு நிறைவு செய்தார். அலுவலகத்தில் பாராட்டுக் கூட்டம் நடந்தது. 'பாதையற்ற பாதையில் ஒரு பயணம்' என்று அவர் ஒன்றேகால் மணி நேரம் பேசினார். ஓடை வரும் இடத்தில் எல்லோரும் கைதட்டினார்கள்.

அதற்கு மறுநாள் ஆய்வுப் படிவத்தோடு அவர் அறைக்குப் போனேன். மனு காலாவதியாக ஐந்து நாள் இருந்தது. அவர் சொல்லச் சொல்ல நான் தட்டச்சு செய்தேன். ஆய்வு செய்த தூரம்: பதினெட்டு கிலோமீட்டர். வாகனம்: முதலில் துறை வாகனம், பின்பு உள்ளூர் வாகனம். அடுத்த பத்தி, 'பயணத்தில் உணரப்பட்ட குலுக்கல்'. அதிகம், மிதம், இல்லை என்று மூன்று கட்டங்கள்.

பொறியாளர் கண்ணை மூடிக்கொண்டு யோசித்தார். அவர் நேர்மையானவர். தெரியாததை எழுத மாட்டார்.

"மனசாட்சிப்படி சொல்லணும்னா, எனக்கு ஒரு குலுக்கல்கூடத் தெரியல. 'இல்லை'ன்னு போடுங்க."

"சார், நீங்க தூங்கிட்டு வந்தீங்க."

"குலுங்குற பாதையில தூக்கம் வருமா?"

அவரைத் தூக்கி வந்ததைச் சொன்னேன். உள்ளூர் வாகனம் என்று எழுதியாயிற்றே என்றார். என் கால் விரலைக் காட்டினேன். அதை அக்கறையோடு குனிந்து பார்த்தார். படிவத்தில் கேட்டிருப்பது ஆய்வு அதிகாரி உணர்ந்ததை, உடன் வந்தவர் உணர்ந்ததை அல்ல என்று தன்மையாகச் சொன்னார். அதோடு, இவ்வளவு அருமையான ஆஃப்ரோடு பாதையின் மேல் தாரை ஊற்றினால் வருங்காலத் தலைமுறை நம்மை மன்னிக்காது என்றும் சொன்னார். நான் வேலையைத் தூக்கி எறிந்துவிட்டு வெளியே வந்திருக்கலாம். படிவத்தைக் கிழித்திருக்கலாம். 'இல்லை' என்ற கட்டத்தில் குறியிட்டு, 'பாதை நன்னிலையில் உள்ளது, சாலை தேவையில்லை' என்று ஓர் எழுத்துப்பிழைகூட இல்லாமல் தட்டச்சு செய்து, உடன் சென்றவர் என்ற இடத்தில் கையெழுத்தும் போட்டேன். வெட்கமாகத்தான் இருந்தது. இருந்தாலும் போட்டேன்.

ஒன்றை மட்டும் மறுக்க முடியாது. பதினோரு வருடம் அசையாமல் கிடந்த கோப்பு, எங்கள் பொறியாளரின் வீரத்தால் அலமாரியை விட்டு வெளியே வந்தது.

முதல் திங்கட்கிழமை செவிலியர் வந்தார். ஊரார் கொடுத்தனுப்பியதாக ஒரு பை நிறையப் பழம் என் மேசையில் வைத்தார். "அண்ணா, நம்ம கோப்பு எங்க இருக்கு?" என்று கேட்டபோது சிரித்துக்கொண்டேதான் கேட்டார். நான் அறிக்கையின் நகலை நீட்டினேன். நின்றபடியே படித்தார். முடிந்ததும் மறுபடி முதல் வரியிலிருந்து படித்தார். நான் கத்துவார் என்று எதிர்பார்த்தேன், அழுவார் என்று எதிர்பார்த்தேன். இரண்டும் இல்லை. நகலை நான்காக மடித்துப் பைக்குள் வைத்தார்.

"தப்பு எங்க மேலதான் அண்ணா," என்றார். "குலுக்கித் தூக்கியிருக்கணும்."

பழத்தை அங்கேயே விட்டுவிட்டுப் படி இறங்கிப் போனார்.

அறிக்கை வழங்கப்பட்டபின் மனுதாரர் சொல்வதை உடனே கோப்பில் ஏற்ற வேண்டும் என்பது விதி. கடமையில் நான் ஒருநாளும் தவறியதில்லை. பேனாவைத் திறந்து, கடைசிப் பக்கத்தில், என் முத்தான கையெழுத்தில் எழுதினேன்: 'மனுதாரர் தமது தவறைத் தாமே ஒப்புக்கொண்டார். கோப்பு முடித்து வைக்கப்படுகிறது.'